கலரில் வந்த கருங்குளத்து மருமகள்

'கருங்குளத்து மருமகள்' மறுபடியும் வருகிறது, இந்தத் தடவை கலரில் வருகிறது என்று பாலக்கரைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டியபோது, செல்லக்கிளி ஸ்ரீரங்கத்து ஸ்கூலிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அந்தப் பேரைப் பார்த்ததும் அவளுக்கு இறங்குவதே மறந்துபோனது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கி, அந்தப் போஸ்டருக்கு முன்னால் வந்து நின்றாள். பச்சைப் புடவையில் ஒருத்தி கிணற்றிலிருந்து எழுந்து வருகிறாள். பக்கத்தில் அவளைவிடப் பெரிதாக, பட்டு ஜிப்பாவில் கதாநாயகன் சிரித்துக்கொண்டிருந்தான். பழைய போஸ்டரில் புருஷன்காரன் முகமே இருக்காது. இவன் எதற்கு இப்படிச் சிரிக்கிறான் என்று அப்போதே அவள் யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வீரம்மாளின் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள். வீரம்மாளுக்கு அறுபதுதான் ஆகிறது, ஆனால் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. காதும் மந்தம்.

"நம்ம படமா?" என்றாள் வீரம்மாள்.

"ஆமாம்மா. நம்ம படந்தான்."

அதை 'நம்ம படம்' என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம் உண்டு.

செல்லக்கிளியின் அக்கா வள்ளிக்கண்ணுவை மணப்பாறையில் மாட்டுத் தரகு பார்த்த மருதைக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமான இரண்டாம் வருஷம், ஐம்பத்தொன்றில், அவள் வீட்டுக் கிணற்றில் பிணமாக மிதந்தாள். தண்ணீர் இறைக்கும்போது கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். போலீசும் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டது. செல்லக்கிளிக்கு அப்போது பதினாறு வயது. அக்காவைப் பார்க்கப் போனவள் கிணற்றையும் போய்ப் பார்த்தாள். கைப்பிடிச் சுவர் அவள் மார்பு உயரத்துக்கு இருந்தது. அக்கா அவளைவிடக் குள்ளம். அவ்வளவு உயரச் சுவரைத் தாண்டி ஒருத்தி எப்படி வழுக்கி விழுவாள்? இதைச் சொன்னபோது பெரியவர்கள் எல்லாரும் அவள் வாயைப் பொத்தினார்கள். "செத்தவ செத்துட்டா. இருக்கிறவங்க மானத்தைப் பாக்கணும்" என்றார்கள். வீரம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இரண்டு வருஷம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

ஐம்பத்து மூன்றில் அந்தப் பழைய படம் வந்தது. பக்கத்து வீட்டு ரோஷன் பேகம்தான், "பேய்ப் படமாம், வாங்கக்கா, கொஞ்ச நேரம் மனசு மாறும்" என்று வீரம்மாளையும் செல்லக்கிளியையும் பகல் ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். படம் முழுக்க இருட்டு. பேயைக் காட்டவே மாட்டார்கள். தரையில் ஈரக் கால் தடம் மட்டும் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வரும். பெண்கள் பக்கத்தில் ஒருத்தரையொருத்தர் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஊர்ப் பஞ்சாயத்து கூடியிருக்கும்போது அந்தத் தடம் நடுவில் வந்து நிற்கும். அப்போதுதான் முதல் தடவையாக அந்தப் பெண்ணின் முகம் தெரியும். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவள் கையை நீட்டி, "என்னைத் தள்ளினது என் புருசன்" என்பாள். அவ்வளவுதான் வசனம்.

வீரம்மாள் பெஞ்சை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். "ஆமா! தள்ளினான்! எம் பொண்ணையும் தள்ளினான்!" என்று மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லவில்லை. சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் அழுதார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வெளியே வந்ததும் எந்த ஊர், எந்த வீடு, என்ன நடந்தது என்று நின்று கேட்டார்கள். ஒரு வாரத்தில் பாலக்கரை முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வழுக்கி விழுந்தாள் என்று அந்தத் தெருவில் யாரும் சொல்லவில்லை. அண்ணன் நல்லுசாமியும் அப்போதுதான், மருதை வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று அம்மா கையில் அடித்துச் சத்தியம் செய்தான். செல்லக்கிளிக்கு வரன் வந்தபோது வீரம்மாள், "இன்னொரு கிணத்துக்கு என்னால பொண்ணு அனுப்ப முடியாது. அவ படிக்கட்டும்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். செல்லக்கிளி டீச்சர் ஆனாள்.

போலீசும் பஞ்சாயத்தும் செய்யாததை ஒரு படம் செய்தது. அதனால் அது நம்ம படம்.

இந்தத் தடவை டிக்கெட் வாங்கி வந்தது நல்லுசாமி. காந்தி மார்க்கெட் மண்டியில் வேலை பார்க்கிற அவன், வேலையை விட்டு ஒரு மணி நேரம் முன்னால் வருகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அவனே வந்து கூப்பிட்டபோது செல்லக்கிளிக்கு மனசு நிறைந்துவிட்டது. "பேகம் அக்காவையும் கூட்டிக்க. நான் ஆம்பளைங்க பக்கம் இருப்பேன். முடிஞ்சதும் வாசல்ல நில்லுங்க" என்றான்.

தியேட்டரில் கால் வைக்க இடமில்லை. அன்றைக்குப் புதுப்பெண்ணாக வந்து பார்த்தவர்கள் இன்றைக்கு வயசுக்கு வந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். "ரொம்பப் பயமா இருக்கும், என் கையப் பிடிச்சுக்க" என்று ஒருத்தி தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

படம் ஆரம்பித்தது. முதல் அரை மணி நேரத்தில் மூன்று பாட்டு. பேய் வருகிற இடத்தில் சிவப்பும் பச்சையுமாகப் புகை. புகைக்குள்ளிருந்து பேய் முழு அலங்காரத்தோடு வந்தது, பல் தெரியச் சிரித்தது. காலேஜ் பையன்கள் இருந்த பக்கத்திலிருந்து, "பேய்க்குப் பவுடர் கொஞ்சம் கூட!" என்று ஒரு குரல் வந்ததும் தியேட்டரே சிரித்தது. தன் மகளைக் கையைப் பிடிக்கச் சொன்னவள், "அதுல இப்படி இல்லடி, அதுல காட்டவே மாட்டாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மகள் கொட்டாவி விட்டாள்.

"என்னடி இது, கூத்தா இருக்கு" என்று ரோஷன் பேகம் முணுமுணுத்தாள்.

வீரம்மாளுக்கு நிறம் நிறமாக ஏதோ அசைவதுதான் தெரிந்தது. சிரிப்புச் சத்தமும் பாட்டும் கலந்து ஒரு இரைச்சலாகக் கேட்டது. அவள் எதைப் பற்றியும் கேட்கவில்லை. கடைசிக் காட்சிக்காகக் காத்திருந்தாள். இடைவேளை முடிந்ததிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை செல்லக்கிளியின் தொடையைத் தட்டினாள். "பஞ்சாயத்து வந்திருச்சா?"

"இன்னும் இல்லம்மா."

வந்தது. கதாநாயகன் பஞ்சாயத்து நடுவே கைகட்டி நின்றான். புகை எழுந்தது. பச்சைப் புடவைக்காரி வந்தாள். வந்தவள் நேராகப் போய் அவன் காலில் விழுந்தாள். "நீங்க தெய்வம். உங்களச் சந்தேகப்பட்டு நானேதான் கிணத்துல குதிச்சேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. என்னை மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அழுதாள். கதாநாயகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை மன்னித்தான். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை.

"அநியாயம்!" என்று ரோஷன் பேகம் எழுந்தேவிட்டாள். "செத்தவ அவ! அவ எதுக்குடி மன்னிப்புக் கேக்கணும்?" இரண்டு மூன்று பெண்கள் "அதானே" என்றார்கள். பின்னால் ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ன இருந்தாலும் தங்கமான மனுசன். பாவம், எவ்வளவு அவப்பேரு" என்றாள்.

செல்லக்கிளிக்கு, தன் வீட்டுக்குள் புகுந்து யாரோ அக்காவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல் இருந்தது. அப்போது அம்மாவின் கை அவள் தொடையைத் தட்டியது.

"சொல்லிட்டாளா?"

செல்லக்கிளி அம்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்கு முன்னால் வாயில் வந்துவிட்டது.

"சொல்லிட்டாம்மா."

"நல்லாக் கேக்கிற மாதிரி சொன்னாளா?"

"எல்லாருக்கும் கேட்டுச்சும்மா."

வீரம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கைதட்டல் அவளுக்கும் கேட்டது. மகளுக்காகத் தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவளும் மெதுவாக இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாள்.

வாசல் வெயிலில் கண் கூசியது. கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டே கலைந்தது. பழைய படத்தைப் பார்த்தவர்கள் திட்டினார்கள். பார்க்காதவர்கள் கலரைப் புகழ்ந்தார்கள். நல்லுசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பின்னால் தும்பைப் பூப் போன்ற வெள்ளை வேட்டியில், நரைத்த மீசையோடு ஒரு ஆள் வந்தார். வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து வீரம்மாள் காலைத் தொட்டார். யாரோ நல்லுசாமிக்கு வேண்டியவர் என்று நினைத்து, வீரம்மாள் அவர் தலையில் கையை வைத்தாள்.

"நல்லா இருப்பா. பிள்ளை குட்டியோட நல்லா இரு."

அந்த ஆள் நிமிர்ந்தார். பதினைந்து வருஷம் ஆகியும் செல்லக்கிளிக்கு அந்த முகத்தை அடையாளம் காண ஒரு நொடிகூட ஆகவில்லை.

"அம்மா, கைய எடு" என்று கத்தினாள். "அது மருதை!"

வீரம்மாளின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அதை முந்தானையில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"அத்தை, பழசெல்லாம் மறந்து..." என்று மருதை ஆரம்பித்தார்.

வீரம்மாள் அவர் பக்கம் திரும்பவில்லை. மகன் நின்ற திசையைப் பார்த்துக் கேட்டாள். "நீயா கூட்டியாந்தே?"

"அம்மா, நிதானமாக் கேளு" என்றான் நல்லுசாமி. காது மந்தமானவளிடம் பேசுவதால் தெருவே கேட்கும்படி பேசினான். "மச்சானோட தங்கச்சி மகன் பொன்மலை ரயில்வேயில வேலையா இருக்கான். எம் மக தங்கப்பொண்ணுக்குப் பேசி முடிச்சிருக்கேன். எத்தனை வருசம் இப்படியே இருக்கிறது? நடந்ததை யாரு கண்டா? இப்பப் படத்துலயே பாத்தியே, அவ தானாத்தானே குதிச்சா. புருசன் மேல தப்பே இல்லன்னு அவ வாயாலயே சொன்னாளே. ஊரே கை தட்டுச்சே!"

செல்லக்கிளிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அண்ணன் இந்தப் படத்தை முன்னாலேயே பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறான். அம்மாவின் மனசை எது மாற்றியதோ, அதை வைத்தே திருப்பி மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

வீரம்மாள் மெல்லத் தலையைத் திருப்பினாள். "சொல்லிட்டான்னு நீ சொன்னியே?" என்று செல்லக்கிளியிடம் கேட்டாள்.

செல்லக்கிளி அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள்.

"நான் கை தட்டினேனே" என்றாள் வீரம்மாள். கையைத் துழாவி ரோஷன் பேகத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பேகம், என்னை வீட்ல கொண்டு விடு."

செல்லக்கிளி பத்தடி பின்னால் நடந்து போனாள். மருதையின் துரோகம் தெரிந்ததுதான். அண்ணன் செய்ததைக்கூட அவளால் ஒரு நாள் புரிந்துகொள்ள முடியும், அவனுக்கு மகள் இருக்கிறாள். தான் செய்ததற்குத்தான் அவளால் ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அம்மாவுக்கு உலகத்துச் சேதியெல்லாம் அவள் வாய் வழியாகத்தான் வந்தது. அதில் பொய்யைக் கலந்துவிட்டாள்.

எட்டு நாள் வீரம்மாள் அவளோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் காலையில், செல்லக்கிளி ஸ்கூலுக்குக் கிளம்பும்போது, "உக்காரு. அவ என்ன சொன்னான்னு முழுசாச் சொல்லு" என்றாள். செல்லக்கிளி பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். காலில் விழுந்தது, மன்னிப்புக் கேட்டது, விசில் அடித்தது, ஒன்றையும் விடாமல் அம்மாவின் காதில் சொன்னாள். முடித்ததும் வீரம்மாள், "அந்தப் பொண்ணு அப்படிச் சொல்ல மாட்டா. யாரோ சொல்லச் சொல்லி இருக்காங்க" என்றாள். பிறகு, "இனிமே கசப்பா இருந்தாலும் இருக்கிறதச் சொல்லு" என்றாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் மகள் தங்கப்பொண்ணு தனியாக வந்தாள். செல்லக்கிளி அவளிடம் கிணற்றுச் சுவரின் உயரத்தைச் சொன்னாள், வேறு எதையும் கூட்டிச் சொல்லவில்லை. தங்கப்பொண்ணு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாப்பிள்ளை நல்லவருன்னு சொல்றாங்க அத்தை" என்றாள். பிறகு, "மணப்பாறையில போய் இருக்க மாட்டேன், பொன்மலையில தனி வீடு பாத்தாத்தான் கழுத்தை நீட்டுவேன்னு அப்பாகிட்ட சொல்லிடறேன்" என்றாள். சொன்னபடியே செய்தும் காட்டினாள்.

தை மாசம் கல்யாணம் வைத்தார்கள். அதற்குள் செல்லக்கிளி ஸ்ரீரங்கத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இரண்டு அறை உள்ள வீடு பார்த்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பத்திரிகை வைக்க நல்லுசாமி வந்தான். தட்டை நீட்டினான். வீரம்மாள் உள்ளறையில் இருந்தாள், வெளியே வரவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் வரலைன்னா நல்லா இருக்காது கிளி. மச்சான் ரொம்ப வருத்தப்படுவாரு" என்றான்.

"வருத்தப்படட்டும்ணே" என்றாள் செல்லக்கிளி. "தங்கப்பொண்ணுக்கு எங்க ஆசீர்வாதம் இருக்கு. அவளை இங்க வரச் சொல்லு."

தட்டிலிருந்து பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொண்டாள். அண்ணன் தெரு முனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றிருந்தாள். அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய், பத்திரிகையில் பெரியவர்கள் வரிசையில் மருதையின் பெயரும் அச்சாகியிருக்கிறது என்பதை அம்மாவின் காதில் சொன்னாள்.