வளையத்தின் கொக்கி

ஈரத்துணியின் நுனியைத் திரித்து, கணவரின் காதுக்குள் படிந்திருந்த சிமெண்ட் தூசியை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுக்க எடுக்க வந்தது. போதும் விடு என்று அவள் அக்கா இரண்டு முறை சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

கொழுந்தன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கண்கள் வீங்கியிருந்தன; அந்த அழுகை பொய்யில்லை. இடிந்தது அவன் கட்டிய குடியிருப்பு. கணக்குப் போட்டு வரைந்து கொடுத்தவர் அண்ணன். நிலம் ஆடியதும் ஓடிப்போய், மாடிகளில் இருந்தவர்களை இறக்கிவிட்டார். பிறகு, பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்த ஒரு தூணைப் பார்க்கத் திரும்பி உள்ளே போனார். நிலம் மறுபடி ஆடியது.

புயலும் வரும், பூமியும் ஆடும் ஊரில் கட்டடம் என்பது இரண்டு மாமியாரிடம் மாட்டிய மருமகள் என்பார் அவர். காற்றுக்குக் கனமாக நிற்க வேண்டும், அதிர்வுக்கு லேசாக இருக்க வேண்டும். இருவரையும் சமாளிப்பது தூணுக்குள் இருக்கும் கம்பி வளையம்தான். அதன் முனை உள்பக்கம் கொக்கியாக மடங்கியிருக்க வேண்டும்; இல்லையென்றால் ஆட்டத்தில் வளையம் பிரிந்து தூண் நொறுங்கிவிடும். சாப்பிடும்போதே அவள் மணிக்கட்டை வளையம்போலப் பிடித்து, தன் ஆள்காட்டி விரலை உள்பக்கம் மடக்கிக் காட்டுவார். குழம்புக் கையோடு என்ன விளையாட்டு என்று அவள் கத்துவாள்.

"அண்ணி, விசாரணைக்கு ஆள் வர்றாங்க," என்றான் கொழுந்தன், குரலைத் தாழ்த்தி. "தப்பு வரைபடத்துலயேதான் இருந்துச்சுன்னு சொல்லிடலாம். அண்ணனை இனிமே யாரு என்ன செய்யப்போறாங்க? எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

அவள் துணியை அலசிப் பிழிந்தாள்.

"கொக்கியை உள்ள மடக்கச் சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாரு. வளையத்தை மாட்டிட்டு ஒவ்வொன்னா மடக்கணும், வேலை இழுத்துக்கிட்டே போகுது. காங்கிரீட் மூடிட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

"அவருக்குத் தெரிஞ்சுடுச்சு, தம்பி."

அடுக்களையில் யாரோ பாத்திரத்தை மெதுவாக வைக்கும் சத்தம் கேட்டது.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் அதிகாரி உள்ளே வந்தார். உடலுக்கு முன் கைகட்டி நின்றார். இந்த நேரத்தில் கேட்பதற்கு மன்னிக்கச் சொல்லி, வரைபடம் இவருடையதுதானா என்று கேட்டார்.

"அவரோடதுதான். தூணை உடைச்சுப் பாருங்க," என்றாள் அவள். "அதுல இருக்கறது அவர் வரைஞ்சதான்னு தம்பி சொல்லுவாரு."

அதிகாரிக்கு நாற்காலி போடுவதற்காகக் கொழுந்தன் எழப்பார்த்தான். அவன் மணிக்கட்டை அவள் பிடித்திருந்தாள். ஈர விரல்களில் சிமெண்ட் தூசி அப்பியிருந்தது. அவள் ஆள்காட்டி விரல் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

அவன் மெல்லக் கையை இழுத்தான். வரவில்லை.