காலி வண்டியின் உதறல்

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே அந்தப் பெண்களின் வேலை தொடங்கிவிடும். வேலைக்குப் போய்ச் சேர்வதே ஒரு வேலை, அதற்குக் கூலி கிடையாது. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில், மண் ரோடு தார் ரோட்டில் சேரும் இடத்தில், சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, சோற்றுத் தூக்குப்போசியும் கையுமாக பிக்கப் வண்டிக்கு நிற்பார்கள். வண்டி வந்ததும் பின் டயரில் ஒரு கால், பக்கப் பலகையில் ஒரு கை, ஒரே எம்பு. பிறகு நாற்கரச் சாலை வழியாகப் பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்துக்கு. அங்கே குனிந்தால் வெயில் உச்சிக்கு வரும்வரை நிமிர்வதில்லை. செடியின் பச்சைக் கறை விரலில் ஏறி, சோப்புக்கும் போகாமல் கறுத்துக் கிடக்கும். பறித்த பழத்தை கிரேட்டில் நிரப்பி, கிரேட்டுகளை அதே வண்டியில் அடுக்கி, அடுக்கியதன் மேல் உட்கார்ந்து ஊர் திரும்புவார்கள். அவர்களை இறக்கிவிட்டு வண்டி தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் மார்க்கெட்டுக்குப் போகும். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்.

"பின்னாடி போயி குந்துங்க. கேபின் பக்கம் யாரும் வேணாம்," என்றான் டிரைவர் அந்தோணி பிரகாஷ்.

தினமும் இந்தச் சண்டைதான். கேபினை ஒட்டி உட்கார்ந்தால் குளிர்காற்று அடிக்காது, இடுப்பும் பிழைக்கும். பின்கதவு ஓரம் உட்கார்ந்தால் ஒவ்வொரு மேட்டிலும் தூக்கிப் போடும்.

"நீ வேணா வந்து குந்திப் பாருண்ணா, தெரியும்," என்றாள் நிர்மலா.

"காளியப்பண்ணன் இருந்தப்பவும் அப்டித்தான குந்துனீங்க. சொன்னா கேளுங்க."

காளியப்பன் இந்த வண்டியை முன்பு ஓட்டியவர். போன மாதம் சேலத்திலிருந்து காலியாகத் திரும்பும்போது தொப்பூர் ஏற்றம் தாண்டி, வண்டி கையை மீறிப் போய் நடுத்தடுப்பில் மோதியது. தோள்பட்டை எலும்பு நொறுங்கி இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தூங்கிவிட்டான் என்று முதலாளி மதியழகன் ஊரெல்லாம் சொன்னார். ஊரும் நம்பியது. வண்டியின் மூக்கை நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, சாவியைப் பிரகாஷிடம் கொடுத்தார்கள்.

பார்க்கப் போன பிரகாஷிடம் காளியப்பன் சொன்னது இவ்வளவுதான்: "காலியா வர்றப்ப வேகம் போவாத. ஆளுங்க இருந்தா எல்லாரையும் பின்கதவு ஓரமா குந்த வை. வண்டி அடங்கும்." ஏன் அடங்குகிறது என்று அவருக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது. ஆனால் அடங்கியது. மார்க்கெட்டிலிருந்து தனியாகத் திரும்பும்போதுதான் சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் உதறல் கிளம்பி முதுகெலும்பு வழியாகப் பிடரி வரை ஏறும். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஒவ்வொரு நாளும் தொப்பூர் ஏறும்போது பிரகாஷுக்கு அந்தக் குழந்தையின் முகம்தான் கண்ணாடியில் தெரியும். பயந்து பயந்து ஒருவன் எத்தனை நாள் ஓட்டுவான்?

முதலாளியிடம் சொல்லாமலும் இல்லை. டயர்களுக்கு பேலன்ஸ் பார்க்க வைத்தார். உதறல் போகவில்லை. ஒரு நாள் காலை தானே வந்து ஏறி உட்கார்ந்தார். பெண்கள் பின்னால் நெருக்கியடித்துக் குந்தியிருந்தார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"எங்கடா ஆட்டம்? ஒடம்பு சரியில்லாதது உனக்குத்தான். ஓட்ட முடியலன்னா சாவிய வெச்சிட்டுப் போ," என்று சொல்லி இறங்கிவிட்டார்.

மதியழகன் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோயில் காரியத்துக்கு முதல் ஆளாய் நிற்பார். கூலிக்காரர்களைக் கண்டால் நலம் விசாரிப்பார். வண்டியை மட்டும் விசாரிக்க மாட்டார்.

அன்று ஊரில் மாரியம்மன் பண்டிகை. பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. வந்தவர்களும், பிரகாஷ் சொன்னதைக் கேட்காமல், இடம்தான் நிறைய இருக்கிறதே என்று கேபினை ஒட்டிச் சுகமாக உட்கார்ந்துகொண்டார்கள். அதியமான்கோட்டை தாண்டி நாற்கரச் சாலையில் வேகம் பிடித்ததும் அது கிளம்பியது. முதலில் தூக்குப்போசி மூடிகள் கடகடத்தன. பிறகு பலகை நடுங்கியது. பிறகு பல்லே ஆடியது. பெண்கள் கேபின் கூரையில் படபடவென்று தட்டினார்கள். பிரகாஷ் ஓரம் கட்டினான்.

பானுமதி முதலில் குதித்தாள். ஆள் சேர்த்துக் கூட்டி வருகிறவள் அவள்தான். யாருக்காவது ஒன்று ஆனால் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியவளும் அவள்தான்.

"என்னாப்பா இது? குளிர்காச்சல் வந்தவனாட்டம் ஒதறுது."

"எனக்கு தினம் ராத்திரி இப்டித்தான்க்கா."

"இத்தினி நாளா எங்களுக்குத் தெரியலயே."

"நீங்க நெறையப் பேரு பின்னாடி குந்துனா ஒதறாது." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று பிரகாஷுக்கு உறைத்தது. பானுமதி அவனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு கேபினில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஓட்டு. நானும் பாக்கறன்."

மறுபடி வேகம் பிடித்தான். "ஸ்டியரிங் மேல கை வெச்சுப் பாருங்க்கா." வைத்தாள். அது அமைதியாகத்தான் இருந்தது. குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். தரை கிடுகிடுத்தது. பிரகாஷ் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். எஞ்சின் சத்தம் தணிந்து வண்டி தன் போக்கில் உருண்டது. உதறல் அப்படியே இருந்தது.

"முன் சக்கரம்னா ஸ்டியரிங் ஆடியிருக்கும். எஞ்சின்னா இப்ப நின்னுருக்கும். அடியில பின்பக்கந்தான் ஏதோ," என்றான்.

"அப்போ தோட்டத்துக்குப் போவாத. வீரமணி பட்டறைக்கு வுடு."

"ஓனரு கத்துவாரு."

"கத்தட்டும். தோட்டம் எங்கயும் ஓடிடாது."

பாலக்கோடு சாலையில் இருக்கிறது வீரமணியின் பட்டறை. மதியழகனின் வண்டிகள் எல்லாவற்றுக்கும் அவன்தான் மெக்கானிக். அவர் வண்டிகள் வராவிட்டால் பட்டறையில் பாதி நாள் ஈ ஓட்ட வேண்டியதுதான். வண்டியைப் பார்த்ததுமே அவன் முகம் மாறியது. அடியில் படுத்துப் பார்த்தான். வெளியே வந்து, தேவைக்கு மேல் வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னான்னு சொல்லுப்பா," என்றாள் பானுமதி.

"பின் அச்சு மேல ஸ்பிரிங் பட்டை இருக்குதில்ல, கம்பெனி போட்டதுக்கு மேல கூடப் பட்டை போட்டிருக்குது. அளவுக்கு மீறி லோடு ஏத்தறதுக்கு. லோடு இருந்தா பட்டை அமுங்கி எல்லாம் நேரா நிக்கும். காலியா இருந்தா பின்பக்கம் தூக்கிக்கும். எஞ்சின்ல இருந்து பின்னாடி போற ஷாஃப்ட் கோணலா சுத்தும். வேகம் ஏற ஏற ஒதறும்."

"யாரு போட்டது?"

"நாந்தான். ஓனரு சொன்னாரு, போட்டன்."

அவன் சொன்னதை அங்கேயே சோதித்தும் பார்த்தார்கள். பெண்களை இறக்கிவிட்டு ஒரு நடை ஓட்டினார்கள். உதறியது. பெண்களையும், பட்டறையில் கிடந்த பழைய இரும்பையும் பின்கதவு ஓரமாக ஏற்றிக்கொண்டு ஒரு நடை ஓட்டினார்கள். அடங்கிவிட்டது.

பானுமதி இறங்கி நேராகப் பிரகாஷிடம் வந்தாள். "எங்களையும் இந்த இரும்பாட்டந்தான் வெச்சு ஓட்டியிருக்கீங்க. நீயும், உங்க காளியப்பண்ணனும்."

"ஆமாக்கா," என்றான் பிரகாஷ். "ஆனா ஏன்னு தெரியாதுக்கா. பயம். நீங்க குந்துனா பயம் போவுது, அவ்ளோதான்."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு டிரைவர்களும் கூலிக்காரிகளும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு பிரிந்திருந்தால், மதியழகனுக்கு அதைவிட வசதி வேறு இருந்திருக்காது. ஆனால் அப்போது வீரமணி தலையைக் குனிந்தபடி இன்னொன்றையும் சொன்னான்.

"காளியப்பண்ணன் வண்டி இங்கதான் வந்துச்சு. ஷாஃப்டோட ஜாயிண்ட் ஒடஞ்சு தொங்கிச்சு. ஒதறி ஒதறியே ஒடஞ்சிருக்குது. ஓனரு வந்து பாத்தாரு. புதுசு போட்டுடு, யாருக்கும் சொல்லாதன்னாரு."

"அப்போ அவுரு தூங்கல," என்றாள் நிர்மலா.

"தூங்கல."

ஒரு மாதமாகக் காளியப்பனின் மனைவி அந்த ஊரில் தலை குனிந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதை நினைத்தபோது பானுமதிக்கு அழுகைதான் வந்தது. பிரகாஷின் மேல் இருந்த கோபம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத் திரும்பியது.

"கூடப் போட்ட பட்டைய கழட்டுனா சரியாயிடுமா?"

"ஆவும். ஆனா இப்ப ஏத்தற லோடு ஏத்த முடியாது. அதுக்குத்தான் அவுரு ஒத்துக்க மாட்டாரு."

அன்று தாமதமாகத்தான் தோட்டத்துக்குப் போனார்கள். ஏச்சும் வாங்கினார்கள். செடிக்குச் செடி பேச்சு தாவியது. மாலையில் மதியழகனின் மற்ற டிரைவர்களும் வந்து பானுமதி வீட்டு வாசலில் நின்றார்கள். அவர்கள் வண்டிகளும் அப்படித்தான் உதறின. ஒவ்வொருவனும் தன் வண்டிக்கு மட்டும்தான் இந்த நோய் என்று நினைத்து, தன் கைதான் சரியில்லை என்று வெட்கப்பட்டு மறைத்திருக்கிறான்.

மறுநாள் விடியலில் எல்லாரும் வந்திருந்தார்கள். பண்டிகைக்காக வேலைக்கு வராமல் நின்றவர்களும் மஞ்சள் காயாத கையோடு வந்திருந்தார்கள். வண்டிகள் வரிசையாக நின்றன. யாரும் ஏறவில்லை. யாருக்கும் நிம்மதியும் இல்லை. ஒருத்தி உட்கார்வாள், எழுவாள், ரோட்டைப் பார்ப்பாள். மதியழகனின் கார் வந்து நின்றது. பட்டறை வண்டியில் வீரமணியும் வந்து ஓரமாக நின்றுகொண்டான்.

"என்னாம்மா, எல்லாரும் இங்கியே நின்னா எப்டி? பழம் செடியிலயே வெடிக்குது," என்றார் சிரித்த முகமாக.

"வண்டிய சரி பண்ணுங்க, ஏறுறோம்," என்றாள் பானுமதி.

"வண்டிக்கு என்னா? நேத்துகூட நூல் புடிச்சாப்பல சேலம் போயிருக்குது."

"லோடு இருந்தா போவுதுங்க. காலியா வந்தா ஆளக் கொல்லுது. கூடப் போட்ட பட்டைய எல்லா வண்டியிலயும் கழட்டணும். எங்களுக்குக் குந்திப் போற மாதிரி தனி வண்டி வேணும். காளியப்பன் வைத்தியத்த நீங்க பாக்கணும்."

சிரிப்பு போய்விட்டது. "பட்டைய கழட்டுனா ஒரு நடைக்கு ரெண்டு நடை ஓட்டணும். டீசல் யாரு போடறது?"

"அந்த டீசல மிச்சம் புடிச்சுத்தான் காளியப்பன் தோளு போச்சு."

"அவன் தூங்கிட்டான்."

"ஜாயிண்ட் ஒடஞ்சு கெடந்தது உங்களுக்குத் தெரியும்ங்க," என்றான் பிரகாஷ்.

மதியழகன் வீரமணியைத் திரும்பிப் பார்த்தார். "நான்தான் சொன்னன்ங்க," என்றான் அவன். "யாரு வந்து கேட்டாலும் சொல்லுவன்."

"உம் பட்டறைய நாளைக்கி எப்டித் தொறக்கறன்னு பாக்கறன்."

"அத அப்பறம் பாக்கலாம்," என்றாள் பானுமதி. "இப்ப இந்தக் காலி வண்டிய நீங்களே ஓட்டிட்டு வாங்க. நாங்க யாரும் ஏற மாட்டோம். ஆடலன்னா எல்லாரும் பேசாம வேலைக்கு வர்றோம்."

எல்லார் முன்னாலும் மறுக்க அவரால் முடியவில்லை. ஏறி உட்கார்ந்து வேகமாகத்தான் கிளம்பினார். திரும்பி வரும்போது சைக்கிள்கள் முந்திப் போகும் வேகத்தில் வந்தார். இறங்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ரோடு சரியில்ல," என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோரிக்கையைப் பொறுத்துக்கொண்டவருக்குச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. போனை எடுத்தார். "பாப்பிரெட்டிப்பட்டியில நிக்கிற நம்ம வண்டியில ஆளு அனுப்பு. நேரா இங்க வரட்டும். இவுங்க கண்ணு முன்னாடியே கூட்டிட்டுப் போறன்," என்று கத்தினார்.

அந்தக் காத்திருப்புதான் கொடுமையாக இருந்தது. வெயில் ஏறியது. சிலர் போசியைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டு மூடி வைத்தார்கள். "அவுங்க வந்துட்டா நாளைக்கி நம்மள யாருக்கா கூப்புடுவா?" என்றாள் நிர்மலா. "தெரியல. ஆனா ஏற மாட்டன்," என்றாள் பானுமதி.

கடைசியில் அந்த பிக்கப் வந்தது. முன்பக்கம் வெறிச்சென்று கிடக்க, பெண்கள் எல்லாரும் பின்கதவு ஓரமாக ஒருவர் மடியில் ஒருவராக நெருங்கிக் குந்தியிருந்தார்கள். இங்கிருந்த பெண்கள் சிலர் ஏசுவதற்கு வாயெடுத்தார்கள். பானுமதி கையமர்த்திவிட்டு அந்த வண்டியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏம்மா, முன்னாடி அவ்ளோ எடம் இருக்கே. யாரு பின்னாடி குந்தச் சொன்னது?"

"டிரைவருதான். இல்லன்னா வண்டி ஒதறுதாம்," என்றாள் ஓர் ஒல்லியான பெண். முனியம்மாள் என்று பிறகு பெயர் சொன்னாள். டிரைவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பானுமதி எல்லாவற்றையும் சொன்னாள். பட்டை, ஷாஃப்ட், காளியப்பனின் தோள், அவர் தூங்கவில்லை என்பது. சுருக்கமாகத்தான் சொன்னாள். மதியழகன் குறுக்கே வந்து, "கேக்காதீங்க, கெளம்புங்க," என்று சத்தம் போட்டார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

முனியம்மாள் வெறிச்சென்று கிடந்த முன்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நாங்க வந்து எறங்கிட்டா, ராத்திரி இந்த டிரைவரு காலியாத்தான வூட்டுக்குப் போவணும்? எப்டிப் போவான்?"

"அதத்தான் நாங்களும் கேக்கறோம்," என்றாள் பானுமதி.

அந்த டிரைவர் எஞ்சினை நிறுத்தினான். முனியம்மாள் பின்கதவின் மேல் காலைப் போட்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒவ்வொருத்தியாக இறங்க இறங்க, வண்டியின் பின்பக்கம் மெல்ல மெல்ல மேலே எழும்பியது. டிரைவர்கள் பார்த்தார்கள், வீரமணி பார்த்தான், காருக்குப் பக்கத்தில் நின்றபடி மதியழகனும் பார்த்துக்கொண்டிருந்தார்.