நாற்பத்தோராவது வீடு

வெள்ளிக்கிழமை மாலை வரை சூரியனின் விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். சனிக்கிழமை காலையில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். உதித்தது என்னவோ அதே சூரியன்தான், அதே பக்கம்தான். நடுவில் இருந்த எழுபதாயிரம் அரசு மானியத்தை மட்டும் ஒரு சுற்றறிக்கை வந்து விழுங்கிவிட்டது.

சேதி மாத ஆரம்பத்திலேயே கசிந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சோலார் பேனல் மாட்டி, மின் அலுவலக ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட வீடுகளுக்குத்தான் மானியம். தெருவிலிருந்த சோலார் கடைகள் எல்லாம் தலைதெறிக்க ஓடின. கடைக்காரர்கள் சங்கத்தில் கூடி, அவகாசம் கேட்டு ஒற்றுமையாக ஒரு மனு கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அதே ஒற்றுமையோடு ஒருவர் ஆளை ஒருவர் கூடுதல் கூலி சொல்லி இழுத்தார்கள். நம் கடைக்காரர் நாற்பத்தொரு வீடுகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நாற்பது வீடுகளை முடித்தும்விட்டார்.

தவறிப்போன அந்த ஒன்று, மகளைக் கொடுத்த சம்பந்தி வீடு.

எல்லாம் வரிசை போட்டதில் வந்த வினை. முழுப் பணத்தையும் முன்னால் கட்டியவர்கள் முதலில், சத்தம் போடுகிறவர்கள் அடுத்து, கேஸ் போடுவேன் என்ற வக்கீல் அதற்கும் முன்னால். சம்பந்தியின் முறை வரும்போதெல்லாம், "நம்ம ஆளுதானே, எங்க போயிடப் போறாரு" என்று கீழே தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் சம்பந்தி வீட்டு மாடியில் பேனல் ஏறியது, ஆய்வாளர்தான் ஏறவில்லை.

விற்றதோ 'மானியம் போக' விலைக்கு. வாங்குகிறவர் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்தால் போதும். மீதி எழுபதைக் கடை தன் கையிலிருந்து போட்டுவிட்டு, பிறகு அரசிடம் வாங்கிக்கொள்ளும். அந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் விற்றார்கள்.

"விலை ஏறிடுச்சுன்னு ஒரு போன் போட்டுடுங்க, அத்தான்," என்றான் பேனல் மாட்டும் மைத்துனன்.

"அடேய், அது உங்க அக்கா பொண்ணு வாழற வீடு. எழுபதைக் கேட்டா, 'உங்கப்பன் ஏமாத்திட்டான்'னு ஆயுசுக்கும் அவ காதுல ஓதுவாங்க."

"அப்ப விட்டுடுங்க."

"விட்டா எனக்கு நெஞ்சு அடைக்கும்."

பாதியாவது கேட்பது என்று கிளம்பினார். மகள் அந்த வீட்டு மாவு மில்லுக்குக் கணக்குப் பார்க்கிறாள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்தவள், அப்பனுக்காக ஒரு வார்த்தை பேசாமலா போய்விடுவாள்?

சம்பந்தி வாசல்வரை வந்து வரவேற்றார். புருவமெல்லாம் மாவு, வாயெல்லாம் சிரிப்பு. விஷயத்தைக் கேட்டதும் கையை விரித்தார்.

"நமக்குள்ள என்ன சம்பந்தி கணக்கு?"

வியாபாரி காதில் விழக்கூடிய வார்த்தைகளில் இதைவிட ஆபத்தானது கிடையாது. கணக்கே இல்லை என்கிறவரிடம் எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது?

"அதானே. பெத்த பொண்ணுக்குச் செய்யறாரு," என்றார் சம்பந்தியம்மா உள்ளேயிருந்து.

 கடைக்காரரின் கண்ணெதிரிலேயே பேனல்கள் இனாமாக மாறிக்கொண்டிருந்தன.

"இருங்க அத்தை, கணக்கு உண்டு." கால்குலேட்டரும் கையுமாக வந்த மகள், மாமனார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தைப் பார்த்ததுமே அவருக்குப் பாதி விளங்கிவிட்டது.

"அப்பா, நாப்பத்தியோரு வீட்டுல எங்களுக்கு எத்தனாவது இடம்?"

அவர் தண்ணீரை எடுத்து நிதானமாகக் குடித்தார்.

"கடைசிதானே?"

"நம்ம வீடுதானேன்னு ஒரு உரிமையில..."

"உரிமைக்கு விலை போட்டுடலாம். நாப்பதாயிரம் உங்களோடது, முப்பதாயிரம் எங்களோடது."

"முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சுன்னு வெச்சுக்கலாமேம்மா. பெத்தவன்னு ஒரு இது வேண்டாமா?"

"சமமாப் பிரிச்சா தப்பு யாருதுன்னு மறந்துபோயிடும்ப்பா."

சம்பந்தி நெளிந்தார். "முப்பது மட்டும் நாம எதுக்கும்மா..."

"மாமா, சும்மா வாங்கிட்டா, நாளைக்கு ஒரு பேனல் கெட்டுப்போச்சுன்னா எந்த வாயால எங்கப்பாவைத் திட்டுவீங்க?"

சம்பந்தி யோசித்தார். திட்டுகிற பாக்கியத்துக்கு முப்பதாயிரம் அதிகமில்லை என்றே அவருக்குப் பட்டது. தலையாட்டினார்.

வழியனுப்ப வாசலுக்கு வந்தபோதுதான் மகளின் குரல் இறங்கியது. "கோச்சுக்காதீங்கப்பா. இனாமாப் போனா உங்களை இளக்காரமாப் பேசுவாங்க. முழுசா வாங்கினா என்னைப் பேசுவாங்க. ரெண்டு பக்கமும் கொஞ்சம் முணுமுணுத்துட்டா பேச்சு அதோட நின்னுடும்."

"அதுக்காக ஒரு அஞ்சாயிரம் கூடவா இறங்க மாட்டே?"

"நீங்களா இருந்தா இறங்கியிருப்பீங்களா?"

அவர் வண்டியைக் கிளப்பினார். தெருமுனை திரும்பும்வரை மனம் போன நாற்பதாயிரத்தையே எண்ணிக்கொண்டிருந்தது, மீசை மட்டும் சிரித்தது.

திங்கட்கிழமை சம்பந்தி பணம் கொடுத்தனுப்பினார். எண்ணிப் பார்த்ததில் ஆயிரம் குறைந்தது. போனில் கேட்டால், "அட, நமக்குள்ள என்ன சம்பந்தி!" என்று ஒரே சிரிப்பு. கடைக்காரர் பேனாவைத் திறந்தார்.

சம்பந்தி வீடு. விலை 2,10,000. வரவு 1,69,000. கடை நஷ்டம் 40,000. பாக்கி 1,000. கேட்பதாக இல்லை, கணக்கிலிருந்து அடிப்பதாகவும் இல்லை.