ஒருசந்தி உடம்பு

சாம்பல் புதனிலிருந்தே டைட்டஸ் சரியாகச் சாப்பிடவில்லை. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். முன்பெல்லாம் அவன் உட்கார்ந்தால் சோற்றுப் பானை காலியாகும். இந்தத் தவக்காலத்தில் தட்டைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தான். ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி விரதம் இருக்கிறான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் ஊருக்குக் கேட்கிற வழக்கம் எங்கே இருக்கிறது?

அவன் மனைவி சலோமிக்குப் பெருமை தாங்கவில்லை. தூக்கமில்லாமல் கண்ணை அகல விரித்து அவன் உட்கார்ந்திருந்தால், செபம் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். கொடியில் சேலைகள் கடற்காற்றில் மிதந்தன. அவற்றின் நடுவே அவன் நடந்து வரும்போது கால் தரையில் படாதது போலிருந்தது. தொப்பை போனது. பிறகு தோள் சதை, புஜம், கன்னம். கல்யாணத்தன்று பார்த்த ஒல்லி மாப்பிள்ளை திரும்பி வருகிறான் என்று மயங்கி நின்றாள். அவன் அந்த மாப்பிள்ளையையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

பெரிய வெள்ளி நாடகத்தில் அவனையே இயேசுவாகப் போட்டார்கள். இடுப்பில் துணி நிற்கவில்லை. சலோமிதான் ஊக்கு குத்திவிட்டாள். மாலை வெயிலில் சிலுவை எழும்பியபோது விலா எலும்புகள் மஞ்சளாக மின்னின. "அப்படியே ஆண்டவரு!" என்று பெண்கள் விம்மினார்கள். சலோமியும் சந்தோஷத்தில் அழுதாள்.

ஈஸ்டர் அன்று ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள். "சாப்பிடுங்க. ஒருசந்திதான் முடிஞ்சிபோச்சே."

"பசிக்கல சலோமி. நான் ஒருசந்தியே இருக்கல."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வைத்தான். உள்ளே வெள்ளைப் பொடி.

"லோடு அடிக்கத் தூக்கம் வரக்கூடாதுன்னு கூட ஓட்டுறவன் குடுத்தான். பசியும் செத்துப்போச்சு. விட்டுடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள எல்லாரும் கும்புட ஆரம்பிச்சிட்டாங்க. விட மனசு வரல."

சலோமிக்குக் கோபம் தலைக்கேறியது. பொடியின் மேல், ஊரின் மேல், எல்லாவற்றையும்விட இவன் மேல். ஆனால் எழுந்தவன் தடுமாறிச் சரிந்தபோது, தாங்கிப் பிடித்த அவள் கைக்கு எடையே தெரியவில்லை. கோபம் போய்ப் பயம் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஊருல என்ன சொல்லுவாங்க?"

"சொல்லிட்டுப் போவட்டும்."

அவனை அணைத்தபடி தெருவில் இறங்கினாள். ஈஸ்டர் கேக்கோடு எதிரே வந்த பக்கத்து வீட்டு ஜெனிட்டா, தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, கண்கலங்கி அவன் காலைத் தொடக் குனிந்தாள்.

"தொடாதீங்கக்கா" என்றாள் சலோமி. "ஆண்டவரு மூணாம் நாளே எழுந்துட்டாரு. என் வூட்டுக்காரரு இன்னும் எழுந்திரிக்கல. ஒரு ஆட்டோ கூப்பிடுங்க."