பந்து கையை விடும்வரை

வலது கை நடுவிரலில் நகவெட்டி சிக்கிக்கொண்டது. படுத்த இந்த இரண்டு மாதத்தில் அண்ணனின் நகம் தடித்துப்போயிருந்தது.

"மெதுவாடி. அந்த விரல் முக்கியம்."

"எனக்குத் தெரியாதா?"

ஆட்டத்துக்கு முந்தின நாள் நகம் வெட்டுவது பள்ளிக்கூட நாளிலிருந்து இருவருக்கும் பழக்கம். அண்ணன் பேஸ்பால், தங்கை சாஃப்ட்பால். இருவருமே பந்து வீசுகிறவர்கள். நகம் நீண்டிருந்தால் பந்தின் தையலில் மாட்டும். இன்று வியாழக்கிழமை. கண் விழித்ததும் நகம் வெட்டச் சொன்னான். நாளைக்கு என்ன ஆட்டம் என்று அவள் கேட்கவில்லை. இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

லிஃப்ட் மெக்கானிக்கின் கை. ரேகைகளில் கிரீஸ் இன்னும் இருந்தது.

"உன் பந்துக்கு நகமே வெட்ட வேணாம். பூசணிக்கா சைஸு."

"பூசணிக்கா நாப்பத்து மூணு அடியிலேர்ந்து வருது. உங்களுக்கு அறுபது அடி. பந்து வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்து அடிக்கலாம்."

"கையக் கீழ விட்டு வீசறது ஒரு வீச்சா? வாளியில தண்ணி எடுத்து ஊத்தற மாதிரி."

"அந்தத் தண்ணியத் தொட முடியாம மூணு தடவை காத்த அடிச்சது யாரு?"

"வெயில் கண்ணுல பட்டுச்சு."

"முப்பது வருஷமா அதே வெயில்."

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியின் தோள் குலுங்கியது.

"உங்க ஆட்டத்துல வெளியில உக்காந்திருக்கறவளும் கத்திக்கிட்டே இருப்பா," என்றான் அண்ணன். "சந்தைக்கடை."

"உங்க ஆட்டத்துல ஒருத்தரும் வாயே தொறக்கறதில்ல. சாவு வீடு."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. நகவெட்டி நின்றது.

"நிறுத்தாத," என்றான். "சுண்டுவிரல் பாக்கி."

மத்தியானத்துக்கு மேல் மூச்சு இடைவெளி விட்டு வந்தது. அவள் அவன் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா போனபோது அவள் வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தாள். அப்பா போனபோது பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். இந்த முறை பக்கத்தில் இருக்க வேண்டும். இருந்துவிட்டால் போதும்.

"எங்க விதி ஞாபகம் இருக்கா? பந்து என் கைய விடற வரைக்கும் ஓடறவன் தான் நிக்கற பேஸ விட்டு நகரக்கூடாது. நகர்ந்தா அவுட்."

"எங்கள்ல எப்ப வேணா நகரலாம். அசந்தா அடுத்த பேஸத் திருடலாம். அதாண்டி ஆட்டம்."

"இந்த ரூமுல என் விதி."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து போன். அவளுடைய வேனை ஓட்ட வேண்டிய மாற்று டிரைவருக்குக் காய்ச்சல். பதினாலு பிள்ளைகள். அவள் நாலு பேருக்கு அடித்துப் பார்த்தாள். யாரும் கிடைக்கவில்லை.

"போ," என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமல். "பிள்ளைங்க நிக்கும்."

"முக்கால் மணி நேரம். நகராத."

அவன் கையைப் போர்வை மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பியபோது வாசலில் அண்ணி நின்றிருந்தாள். காலில் செருப்பில்லை.

"எப்ப?"

"நீ கிளம்பி அஞ்சு நிமிஷம்."

அவள் வேன் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"திருடிட்டான். அசந்த நேரம் பாத்து."

அண்ணி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு சொன்னாள். "உன் வண்டி தெருமுனை திரும்பற சத்தம் கேட்டுச்சு. பந்து போயிடுச்சான்னு கேட்டார். ஏதோ பெனாத்தறார்னு நினைச்சேன். போயிடுச்சுங்கன்னேன். சரின்னு தலையாட்டினார்."

"அண்ணி, சரியாச் சொல்லுங்க. என்ன கேட்டான்?"

"பந்து அவ கைய விட்டுப் போயிடுச்சான்னு."

வேனுக்குள் ஏதோ பிள்ளை விட்டுப்போன தண்ணீர் பாட்டில் உருண்டு கிடந்தது. அவள் உள்ளே குனிந்து எடுத்து, சீட்டில் நிமிர்த்தி வைத்தாள். நிற்கவில்லை. மறுபடி வைத்தாள்.

"அப்ப அவுட் இல்ல," என்றாள்.

மறுநாள் அடக்கத்துக்கு அண்ணனின் டீம் வந்திருந்தது. ஒன்பது கிழவர்கள், தொப்பியைக் கையில் பிடித்தபடி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கேட்சர் அவளிடம் வந்தார். பந்து அவரைத் தாண்டிப் போகாது என்பதால் அவருக்குச் சுவர் என்று பெயர்.

"ஞாயித்துக்கிழமை பந்து போட ஆள் இல்லம்மா."

"எந்தப் பந்து? உங்களதா, எங்களதா?"

சுவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "எது வந்தாலும் பிடிக்கறதுதான என் வேலை."

"நான் கத்துவேன்."

அவர் மற்ற எட்டுப் பேரையும் திரும்பிப் பார்த்தார். "யாராவது கத்தணும்."

சனிக்கிழமை சாயங்காலம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நகவெட்டி கட்டிலுக்குப் பக்கத்து மேசையிலேயே இருந்தது. அண்ணி நகர்ந்து ஜன்னலோரம் இடம் விட்டாள். அவள் தன் மடியில் பழைய செய்தித்தாளை விரித்து, தன் வலது கை நடுவிரலில் தொடங்கினாள்.