ஒரு வாரத்துச் சாப்பாடு

இந்தக் கதையில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்ததாகச் சிலர் சொல்கிறார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது என்று அவரே சொன்னதாகவும் ஞாபகம். அடுப்பு எரிந்துகொண்டிருந்ததில் மட்டும் சந்தேகமில்லை. எந்த ஞாயிறும் அவர் வீட்டு அடுப்பு மதியத்துக்கு முன்னால் அணைந்ததில்லை.

காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர் அவர். ஆபீசில் எல்லோரும் வைத்த பெயர் ‘டப்பாக்காரர்’. வாரம் முழுவதற்குமான சாப்பாட்டை ஒரே நாளில் சமைத்து, ஆறவைத்து, டப்பாக்களில் அடைத்துவிடுவார். எண்ணெய் குறைவு, உப்பு அதைவிடக் குறைவு. வேகவைத்த பருப்பு, காய்கறி, தோல் நீக்கிய கோழி. பாதி தன் வீட்டுக்கு. பாதி, ஊரின் மறுகோடியில் தனியாக இருக்கும் அக்காவுக்கு. தாயில்லாத அவரைத் தையல் மெஷின் மிதித்து ஆளாக்கியவள் அந்த அக்கா. அவளுக்குக் கல்யாணம் என்ற பேச்சை அவளும் எடுத்ததில்லை. பிற்பாடு அவரும் எடுத்ததில்லை.

“அக்கா கையை நனைக்க வேண்டியதே இல்ல. சூடு பண்ணினா போதும்” என்பார் ஆபீசில்.

“எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, சுடுதண்ணி வைக்கவே என்னைக் கூப்பிடும்” என்று யாராவது பெருமூச்சு விடுவார்கள். அவருக்குக் காது குளிர்ந்துபோகும்.

அன்றும் வண்டியை அணைக்காமல் தெருவில் நிறுத்திவிட்டு மாடியேறினார். ஃப்ரிட்ஜில் டப்பாக்களை அடுக்கினார். கழுவித் துடைத்து வைத்திருந்த காலி டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டார்.

“போன வாரம் எப்படிக்கா இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சுடா.”

“இளைச்சிருக்கே பாரு. எல்லாம் எண்ணெய் இல்லாத சாப்பாட்டோட மகிமை!”

அக்கா கதவைப் பிடித்தபடி சிரித்தாள்.

படியிறங்கும்போது கீழ்வீட்டுக்காரி வழிமறித்தாள். “சார், உங்களுக்குப் பெரிய மனசு. நீங்க குடுத்து விடுறதைப் பசங்க அடிச்சுக்கிட்டுத் தின்னுதுங்க. உப்பு மட்டும் இன்னும் ஒரு கல்லு போடலாம், தப்பா எடுத்துக்காதீங்க.”

“நான் குடுத்து விடுறதா?”

“அக்காதான் டப்பா டப்பாவாத் தராங்களே. தம்பி அதிகமா செஞ்சுட்டான்னு.”

அவர் திரும்பி ஏறினார். முகம் கொதித்தது.

“நான் இடுப்பொடியச் சமைக்கிறேன், நீ ஊருக்குப் பந்தி வெக்கிறியா?”

“வளர்ற புள்ளைங்கடா…”

“அப்போ நீ என்னதான் சாப்பிடுற?”

“பன்னு. டீயில தோச்சு.”

ஒரு டப்பாவை எடுத்து மேசையில் ஓங்கி வைத்தார். “என் கண்ணு முன்னாடி சாப்பிடு. இப்பவே.”

அக்கா உட்கார்ந்தாள். காற்றுப் புகாத டப்பா, மூடியில் பக்கத்துக்கொரு பிளாஸ்டிக் பூட்டு. விலை பார்க்காமல் வாங்கியது. அவள் கட்டைவிரலைப் பூட்டில் வைத்து நெம்பினாள். வழுக்கியது. மறுபடி வைத்தாள். வீங்கிப்போன கணு வளைய மறுத்தது. டப்பாவை நெஞ்சோடு அணைத்து உள்ளங்கையால் தள்ளிப்பார்த்தாள். விடை தெரியாத பள்ளிப்பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

“இரு, வந்துடும்” என்றாள்.

வரவில்லை. உதவக்கூட அவர் கை எழவில்லை. கீழே வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

“கீழ்வீட்டுல தெறந்து தரச் சொல்லியிருக்கலாமே” என்றார், குரல் இறங்கி.

“கை போயிடுச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் எவ துணி தெக்கக் குடுப்பா?”

தைக்கத் துணி வந்து வெகுகாலம் ஆயிற்று என்பது இருவருக்கும் தெரியும்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா.”

“ஒவ்வொரு வாரமும் சொல்லணும்னுதான் நெனைப்பேன். நீ ஷூவைக் கழட்டினாத்தானேடா பேச்சையே ஆரம்பிக்க முடியும்?”

குற்றம் சொல்லும் குரலில்லை அது. அதனால்தான் அவருக்குத் தாங்க முடியவில்லை. காலில் கிடந்த ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கீழே போய் வண்டியை அணைத்துவிட்டு வந்தார். ஷூவைக் கழற்றினார். டப்பாவைத் திறந்து, சூடாக்கி, பிசைந்து வைத்தார். அக்கா மென்று தின்னவில்லை, விழுங்கினாள். அந்தப் பசியைப் பார்க்கப் பார்க்க எங்காவது போய் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றியது அவருக்கு.

“கீழ்வீட்டுக்காரி சொன்னது சரிதான், உப்பு பத்தலடா” என்றாள் அக்கா.

அந்த வாரம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: “சார், எங்கப்பாவுக்கும் இப்படி செஞ்சு வைக்கலாம்னு இருக்கேன். எந்த டப்பா வாங்கட்டும்?”

சுற்றி இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“எதை வேணா வாங்கும்மா. ஆனா அடுக்கி வெச்சுட்டு வந்தா பாத்துக்கிட்டதா ஆயிடாது. பக்கத்துல உக்காந்து அவர் சாப்பிடுறதைப் பாரு. நான் பார்க்கல. எங்க அக்கா, நான் சமைச்சதை எதிர்ல வெச்சுக்கிட்டே பட்டினி கெடந்தா.”

அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள்.

அக்கா அதற்கப்புறம் சில வருடங்கள் இருந்தாள். கை சரியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவள் வீட்டுக்கே மாறியது. மற்ற நாட்களில் தம்பி மாலையில் போய் அவளோடு சேர்ந்து சாப்பிட்டார். கீழ்வீட்டுக்காரி வேறு தெருவுக்குக் குடிபோனாள். அவள் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். டப்பா பற்றிக் கேட்ட ஆபீசுப் பெண் தன் அப்பாவைத் தன்னோடு கூட்டிவந்துவிட்டாள். டப்பாக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார்.