கைக்கு அடங்கிய வேகம்

காலை ஆறே முக்காலுக்கு மோட்டார் ரம்பத்தின் இழுகயிறு அறுந்தது.

அறுத்தவர் பேருந்து டிப்போவிலேயே பெரிய உடம்புக்காரர். டிரைவர். யானை என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று பேர் இழுத்துத் தோற்ற பிறகு, நகருங்கப்பா என்று முன்னால் வந்தார். ரம்பத்தைத் தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் பூட்ஸ் முனையை நுழைத்து, மூச்சைப் பிடித்து ஓர் இழுப்பு. இன்ஜின் ஒரு தடவை முக்கியது. உடனே கயிற்றை வெடுக்கென்று உள்ளே பிடுங்கியது. யானையின் கையில் பிடி மட்டும் மிஞ்சியது.

இரவுக் காற்றில் விழுந்த மரம் டிப்போ வாசலை அடைத்துக் கிடந்தது. உள்ளே பேருந்துகள் மூக்கும் வாலுமாக நின்றன. டிரைவர்களுக்குக் கொண்டாட்டம். இருவர் படிக்கட்டில் சீட்டைக் கலைத்துப் போட்டிருந்தார்கள். மேலாளர் மட்டும் குட்டி போட்ட பூனையாக அலைந்துகொண்டிருந்தார். கிரேன்காரனைக் கூப்பிடட்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

மரக்காரி அறுந்த கயிற்றைப் பார்த்தாள். வீட்டுத் தோட்டங்களில் கிளை கழித்துக்கொண்டிருந்தவளுக்கு இதுதான் முதல் பெரிய வேலை. வாசலைத் திறந்துகொடுத்தால் டிப்போவைச் சுற்றியுள்ள மரமெல்லாம் இனி அவள் பொறுப்பு என்று பேச்சு. கூட ஆள் உண்டா என்று மேலாளர் போனில் கேட்டதற்கு, நான் ஒருத்தியே போதும் என்று சொல்லியிருந்தாள். இப்போது ரம்பத்தை எழுப்பவே நாலு ஆம்பளை வந்தாயிற்று, அதுவும் எழுந்தபாடில்லை.

அவளுடைய நாத்தனார் ஸ்கூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏற்கெனவே சுத்தமாயிருந்த ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருசக்கர வண்டிப் பட்டறையில் மெக்கானிக். கை சும்மா இருக்காது. சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று ரம்பத்தை வாங்கிப் போனவள், புகை வெளியேறும் துளையை அரத்தால் ராவினாள். சைலன்சரின் வாயை அகலமாக்கினாள். சிலிண்டருக்கு அடியில் இருந்த மெல்லிய பேக்கிங் அட்டையைச் சுரண்டி எறிந்துவிட்டு நேரடியாக முடுக்கினாள். இடம் குறைந்தால் பிஸ்டன் இன்னும் இறுக்கி அழுத்தும், அழுத்தினால் பலம் கூடும் என்பது அவள் கணக்கு.

கணக்கு தப்பவில்லை. நேற்று மாலை கொல்லைப்புறத்தில் கட்டை வாழைத்தண்டாகத் துண்டானது. மரக்காரி நாத்தனாரின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். ரம்பத்தை அப்போது இழுத்துக் கிளப்பியது மரக்காரியின் புருஷன். பேக்கரியில் மாவு பிசைகிற கை. அதை இரண்டு பெண்களும் கவனிக்கவில்லை.

நாத்தனார் தலை நிமிராமல் கேட்டாள். "அண்ணனை வரச்சொல்லட்டுமா அண்ணி? ஒரே இழுப்புதான்."

"இன்னைக்கு வருவாரு. நாளைக்கு நடுமரத்துல நின்னுபோச்சுன்னா? மாவை அப்படியே போட்டுட்டு ஓடி வருவாரா உங்கண்ணன்?"

"அப்ப வேகம் வேண்டாமா?"

"வேகம் வேணும். வேண்டாம்னு யாரு சொன்னா? ஆனா அது என் கைக்கு எழும்பணும்."

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். ராவியதை ஒட்டவைக்க முடியாது. அது இருக்கட்டும். பேக்கிங்கை மட்டும் திரும்ப வைத்தால் அழுத்தம் பழைய அளவுக்கு வந்துவிடும், கயிறும் லேசாக இழுபடும். ஆனால் கடை திறக்கிற நேரமில்லை. மெல்லிசாக, கெட்டியாக ஓர் அட்டை வேண்டும் என்றாள்.

மேலாளர் தன் அறைக்கு ஓடிப்போய், கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளிருந்த தாள்களை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அட்டையை நீட்டினார். டிரைவர்களின் லீவு விண்ணப்பங்கள். அதையும் அப்படியே கையெழுத்துப் போட்டுடுங்க சார், மரத்துக்குப் புண்ணியமாப் போகும் என்றார் சீட்டாடியவர்.

நாத்தனார் இன்ஜினைப் பிரித்தாள். சிலிண்டரின் அடியில் அட்டையை வைத்து, விளிம்பு நெடுகச் சின்னச் சுத்தியால் தட்டத் தட்ட, அதே வடிவத்தில் அட்டை கழன்று வந்தது. சுற்றி நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். அறுந்த இழுகயிற்றுக்குப் பதிலாக, தன் பேருந்தில் வெயில்திரை கட்டியிருந்த நைலான் கயிற்றை யானை அவிழ்த்துக் கொடுத்தார்.

எல்லாம் முடுக்கியானதும் மரக்காரி ரம்பத்தை வாங்கித் தரையில் வைத்தாள். காலை நுழைத்தாள். கிளம்பாதே தாயே என்று படிக்கட்டிலிருந்து யாரோ மெதுவாக வேண்டிக்கொண்டார்கள்.

முதல் இழுப்பில் ஒரு செருமல். இரண்டாவதில் எழுந்தது.

கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. சத்தம் காதை அடைத்தது. மேலாளர் ஏதோ சொன்னார், உதடு மட்டும் அசைந்தது. மரக்காரி காதுமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு அடிமரத்தில் சங்கிலியை வைத்தாள். நேற்றைய வாழைத்தண்டு இல்லை. ஆனாலும் பழைய ரம்பத்துக்கு இது தம்பியல்ல, அண்ணன். மரத்தூள் அவள் முழங்கால்மேல் கொட்டியது. வழக்கத்துக்கு முன்னாலேயே பெட்ரோல் தீர்ந்தது. நிரப்பினாள், இழுத்தாள், எழுந்தது. பின்பு எண்ணிப் பார்க்கவில்லை. அடங்கினால் இழுத்தாள், எழுந்தது. முகம் முழுக்கத் தூளோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

யானை துண்டுகளை உருட்டித் தள்ளினார். முதல் பேருந்து வெளியேறியபோது டிரைவர்கள் பெருமூச்சோடு சீட்டுக்கட்டை மடித்தார்கள்.

பின்மதில் ஓரம் சாய்ந்திருக்கும் மரங்களை நாளை முதல் பார்க்கச் சொன்னார் மேலாளர். உதவிக்கு ஆள் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் சார் என்றாள். அதிர்வில் விரல்கள் இன்னும் குறுகுறுத்தன.

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். சூடு ஆறாத ரம்பத்தைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நாத்தனார் பின்னால் ஏறினாள். வண்டி தெருமுனையைத் தாண்டியது. பிறகு அண்ணியின் தோளில் முகவாயை வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. பேக்கிங் பக்கமே போக மாட்டேன். காத்து உள்ள போற வழிய மட்டும் ஒரு நூல் அகலப்படுத்தட்டுமா?"